புள்ளி வெளிச்சத்துக்கு என்ன குறுக்களவு?

அமாவாசை இரவில் புதுச்சேரிப் பக்கத்துச் சுத்துக்கேணி வாய்க்கால் கரையில் நின்று வயல் பக்கம் டார்ச் அடித்தால், தூரத்தில் ஏதோ ஒன்று மங்கலாகத் தெரியும். அது சுண்ணாம்பு அடித்த சின்ன எல்லைக்கல்லாக இருக்கலாம், படுத்துக் கிடக்கும் எருமையாகவும் இருக்கலாம். அத்தனை தூரத்தில் வடிவம் தெரியாது. கண்ணுக்கு வந்து சேர்வது கொஞ்சம் வெளிச்சம் மட்டும்தான். சின்ன வெள்ளைப் பரப்பும் பெரிய கறுப்புப் பரப்பும் ஒரே அளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப முடியும். சனி, யுரேனஸ், நெப்டியூன் ஆகியவற்றைச் சுற்றும் சிறு துணைக்கோள்களைப் பார்க்கும் வானியலாளர் மாட்டிக்கொள்வது இதே இடத்தில்தான். டார்ச் மட்டும் அவர் கையில் இல்லை, சூரியனிடம் இருக்கிறது.

ஒரு துணைக்கோளிலிருந்து நமக்கு வரும் வெளிச்சம் அதன் பரப்பையும், அந்தப் பரப்பு எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்பதையும் பொறுத்தது. பின்னதை எதிரொளிதிறன் என்கிறோம். அளக்கக் கிடைப்பதோ இரண்டையும் பெருக்கி வந்த ஒரே எண். பெருக்குத்தொகை 12 என்று மட்டும் சொல்லிவிட்டு, பெருக்கிய எண்கள் 3, 4-ஆ அல்லது 2, 6-ஆ என்று கேட்டால் யாரால் சொல்ல முடியும்? ஒளிப்புள்ளி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது விழும் ஒளியில் 4 விழுக்காட்டைத் திருப்புகிறது என்று வைத்துக் கணக்கிட்டால் 66 கி.மீ. குறுக்களவு வருகிறது என்று கொள்வோம். அதே புள்ளி 60 விழுக்காட்டைத் திருப்பும் என்று வைத்தால் குறுக்களவு 17 கி.மீ.தான். பருமனில் பார்த்தால் 58 மடங்கு வேறுபாடு. அது எதனால் ஆனது, எங்கிருந்து வந்தது என்று அடுத்துக் கேட்கும் எல்லாக் கேள்விக்கும் இந்த 58 மடங்கு குறுக்கே வந்து நிற்கும்.

4 முதல் 60 வரை என்பது மிகைப்படுத்திச் சொன்னதல்ல. வியாழனின் ஹிமாலியாவுக்கு எதிரொளிதிறன் ஏறத்தாழ 0.06. சனியின் ஃபீபிக்கு 0.08. அதே சனியைச் சுற்றும் என்செலாடஸுக்கு 1.38. விழுந்த ஒளியைவிட அதிகமாகத் திருப்புகிறதா என்று கேட்கத் தோன்றும். அப்படி இல்லை. எல்லாத் திசையிலும் சீராகச் சிதறடிக்கும் வெள்ளைத் தட்டு ஒன்றைக் கற்பனை செய்துகொண்டு, சூரியன் நமக்கு நேர் பின்னால் இருக்கும்போது அதோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண் இது. புதுப் பனித்துகள் படிந்த பரப்பு ஒளியை வந்த வழியே குவித்துத் திருப்புவதால் அந்தத் தட்டையும் மிஞ்சிவிடுகிறது. எல்லாத் திசைக்கும் சேர்த்துக் கூட்டினால் என்செலாடஸும் ஒன்றுக்குள் அடங்கிவிடும்.

ஒரே கோளில் இரண்டு நிறம் இருந்தால்? அதற்கும் ஆள் இருக்கிறது. 1671-இல் ஜியோவானி காசினி, சனிக்கு மேற்கே இருக்கும்போது கண்ணில் படும் இயாபெடஸ் கிழக்கே போனதும் காணாமல் போவதைக் கவனித்தார். அது சனிக்கு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டிச் சுற்றுகிறது, அதன் ஒரு பாதி கறுப்பு என்று முடிவு கட்டினார். 300 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து அங்கே போன விண்கலம் எடுத்த படங்களில் அப்படியேதான் இருந்தது. குறுக்களவு இம்மிகூட மாறாமல் வெளிச்சம் மட்டும் ஏறத்தாழ ஐந்து மடங்கு ஏறி இறங்கும் பொருள் அது. வெளிச்சத்தை மட்டும் நம்பி அளவு சொல்பவருக்கு இயாபெடஸைப் போல ஓர் எச்சரிக்கை வேறில்லை.

புளூட்டோ பட்ட பாடும் இதுதான். 1930-இல் கண்டுபிடித்தபோது பூமிக்கு நிகரான எடை இருக்கும் என்று பேசினார்கள். 1976-இல் குரூக்ஷாங்க், பில்ச்சர், மாரிசன் ஆகியோர் அதன் பரப்பில் மீத்தேன் பனி இருப்பதைக் கண்டார்கள். பனி என்றால் பளபளப்பு, பளபளப்பு என்றால் சிறிய உருவம். ஒரே அடியில் புளூட்டோ சுருங்கிப்போனது. 1978-இல் கேரன் என்ற துணைக்கோள் கண்ணில் பட்டு, அதன் சுற்றுப்பாதையை வைத்து எடையும் தெரிந்ததும் சந்தேகமே இல்லாமல் போயிற்று. இன்று புளூட்டோவின் குறுக்களவு 2,377 கி.மீ.; நம் நிலாவைவிடச் சிறியது.

பெரிய தொலைநோக்கி வைத்து உருவத்தையே பார்த்துவிடலாமே என்றால், ஃபீபியின் கணக்கைப் பாருங்கள். குறுக்களவு 213 கி.மீ., தூரம் மிக அருகில் வரும்போதும் 120 கோடி கி.மீ.க்கு மேல். நம் வளிமண்டலம் ஒரு விண்மீனை அலைக்கழித்துப் பரப்பிக் காட்டும் வட்டம் இருக்கிறதே, அதில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான் ஃபீபி. ஆகவே இரண்டாவது ஓர் அளவை வேறு எங்காவதுதான் தேடியாக வேண்டும்.

அதற்கு முன் தூரம் தெரிய வேண்டும். தூரம் தெரியாமல் கிலோமீட்டர் என்ற பேச்சே கிடையாது. சூரியக் குடும்பத்தின் தூரங்களைக் கிலோமீட்டரில் நிறுத்தும் வேலைக்காகப் புதுச்சேரிக்கு வந்து பட்டவர் பிரான்ஸ் நாட்டு வானியலாளர் லெ ஜான்டி. 1761-இல் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க அவர் கப்பலில் வந்துகொண்டிருந்தபோது ஊரை ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள். எட்டு வருடம் இந்தப் பக்கமே சுற்றிக் காத்திருந்து, புதுச்சேரியில் ஆய்வுக்கூடம் கட்டி உட்கார்ந்தார். 1769 ஜூன் 4 காலை சரியான நேரத்தில் மேகம் மூடிக்கொண்டது. வெள்ளி கடந்து முடிந்த பிறகு வெயில் அடித்தது. புதுச்சேரிப் பக்கத்து ஆள் வானியல் எழுதினால் லெ ஜான்டியைச் சொல்லாமல் நகர முடியாது. சொல்லியாயிற்று, மேலே போவோம்.

இரண்டாவது அளவு கிடைக்கும் வழிகளில் ஒன்று வெப்பம். சூரிய ஒளியில் திருப்பி அனுப்பியது போக மிச்சத்தை அந்தப் பொருள் உள்வாங்கிச் சற்றே சூடாகிறது. சூடு என்றாலும் நமக்குத் தெரிந்த சூடு அல்ல. சனியின் தூரத்தில் பூச்சியத்துக்குக் கீழே 160, 170 டிகிரி செல்சியஸ் இருக்கும். ஆனாலும் அந்த வெப்பம் அகச்சிவப்புக் கதிராக வெளியே வருகிறது. இங்கேதான் ஒரு நல்ல தந்திரம் ஒளிந்திருக்கிறது. ஒரு பொருள் 4 விழுக்காட்டைத் திருப்பினால் 96-ஐ உள்வாங்கும். 8-ஐத் திருப்பினால் 92-ஐ உள்வாங்கும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தில் இரண்டும் இரு மடங்கு வித்தியாசம், வெப்பத்திலோ நான்கு, ஐந்து விழுக்காடுதான். ஆகவே கறுப்பு நிலாக்களுக்கு அகச்சிவப்பில் அளந்தால் எதிரொளிதிறனைப் பற்றி அதிகம் கவலைப்படாமலே குறுக்களவு கிடைத்துவிடும். பிறகு அந்தக் குறுக்களவைக் கொண்டு சாதாரண வெளிச்சத்தை வகுத்தால் எதிரொளிதிறனும் கைக்கு வரும்.

தொல்லை என்னவென்றால், இந்தக் கதிர்களில் பெரும்பகுதியை நம் காற்றிலுள்ள நீராவி விழுங்கிவிடுகிறது. கடலோர ஈரக்காற்றில் இதைச் செய்ய நினைப்பதே வீண். மலையுச்சிக்குப் போக வேண்டும், அதைவிட விண்வெளிக்கே போவது மேல். வைஸ் என்ற அகச்சிவப்பு விண்தொலைநோக்கியின் பதிவுகளை வைத்து 2015-இல் வெளியான ஆய்வில் ஹிமாலியாவின் குறுக்களவு ஏறத்தாழ 140 கி.மீ. என்று வந்தது. சனிக்குப் போகும் வழியில் 2000 டிசம்பரில் காசினி விண்கலம் வெகுதொலைவிலிருந்து எடுத்த படத்தில் அது 150-க்கு 120 கி.மீ. உருவமாகத் தெரிந்திருந்தது. அதே ஆய்வு ஃபீபிக்குச் சொன்னது 202 கி.மீ.; 2004 ஜூன் 11 அன்று காசினி பக்கத்திலேயே போய் அளந்தது 213. கிட்டவே போகாமல் ஐந்து விழுக்காட்டு வித்தியாசத்தில் சொன்னதைக் குறை சொல்ல முடியாது. உருண்டையாக இல்லாத பொருளுக்குக் ‘குறுக்களவு’ என்பதே ஒரு வசதிக்காகச் சொல்வதுதான்.

இன்னொரு வழி நிழல். எனக்கு இதுதான் பிடித்தது; நம் பக்கத்துக் கதையும் இதில்தான் இருக்கிறது.

விண்மீன்கள் நினைக்க முடியாத தூரத்தில் இருப்பதால் அவற்றின் கதிர்கள் இணைகோடுகளாகவே வந்து சேர்கின்றன. ஒரு துணைக்கோள் விண்மீனுக்கும் நமக்கும் நடுவே வந்தால் பூமியில் விழும் நிழல் அந்தத் துணைக்கோளின் அளவிலேயே இருக்கும். 213 கி.மீ. ஃபீபிக்கு 213 கி.மீ. அகல நிழல். அந்த நிழல் நொடிக்கு இத்தனை கி.மீ. என்ற தெரிந்த வேகத்தில் தரையைக் கடந்து போகும். நாம் செய்ய வேண்டியது விண்மீன் எத்தனை நொடி மறைந்தது என்று பார்ப்பது மட்டுமே. நேரத்தை வேகத்தால் பெருக்கினால் நீளம். இதில் எதிரொளிதிறன் தலையிடவே இல்லை. துணைக்கோள் கரியாக இருந்தாலும் பனியாக இருந்தாலும் நிழல் ஒன்றுதான். இன்னும் சொன்னால், துணைக்கோள் நம் தொலைநோக்கியில் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை. விண்மீன் தெரிந்தால் போதும்.

ஜவ்வாது மலையில் ஆலங்காயத்தை அடுத்த காவலூரில் வானியலாளர் வைணு பாப்பு ஆய்வுக்கூடம் அமைத்த பிறகு 1972-இல் அங்கே ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. அந்த வருடமே ஜூன் 7 அன்று வியாழனின் பெரிய துணைக்கோளான கேனிமீட் ஒரு விண்மீனை மறைத்தது. இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் காவலூரிலும் அதைப் பதிவு செய்தார்கள். இரு ஊர்ப் பதிவுகளையும் சேர்த்துக் கணக்கிட்டதில் வந்த குறுக்களவு ஏறத்தாழ 5,270 கி.மீ. இன்றைக்குச் சொல்லும் அளவோடு அது அச்சாகப் பொருந்துகிறது. விண்மீன் சட்டென்று அணையாமல் மெல்ல மங்கியதை வைத்து கேனிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் உண்டு என்றும் எழுதினார்கள். அந்தப் பகுதி நிலைக்கவில்லை. 1979-இல் வாயேஜர் விண்கலம் அங்கே போனபோது அவர்கள் சொன்னதைவிடப் பல மடங்கு சொற்பமான வளியே இருக்க முடியும் என்று தெரிந்தது. ஒரே பதிவிலிருந்து எடுத்த இரண்டு முடிவில் ஒன்று கல்லாக நின்றது, இன்னொன்று கரைந்தது.

ஐந்து வருடம் கழித்து, 1977 மார்ச் 10. யுரேனஸ் துலாம் ராசிப் பக்கத்தில் ஒரு விண்மீனை மறைக்கும் நாள். யுரேனஸின் நிழல் இந்துப் பெருங்கடலின் தென்கோடியில்தான் விழப்போகிறது, காவலூரிலிருந்து பார்த்தால் கிரகம் விண்மீனை உரசாமலே போய்விடும். இருந்தும் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் ஒரு மீட்டர் தொலைநோக்கியைத் திருப்பி, ஒளிமானியை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். கிரகம் விண்மீனைத் தொடாமல் விலகி இருந்த நேரத்தில் விண்மீனின் ஒளி சில நொடிகள் குறைந்து மீண்டது.

அன்றைக்கு நிழல் நகர்ந்த வேகம் நொடிக்கு ஏறத்தாழ 12 கி.மீ. ஆகவே சில நொடி மறைப்பு என்றால் பல பத்து கி.மீ. நீளமுள்ள ஏதோ ஒன்று குறுக்கே போயிருக்கிறது. என்ன அது? யுரேனஸுக்கு இதுவரை யாரும் அறியாத ஒரு துணைக்கோள் என்று முடிவு செய்தார்கள். ‘யுரேனஸின் புதிய துணைக்கோள்’ என்ற பொருளில் தலைப்பிட்டு நேச்சர் இதழில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் எழுதியது அந்த வருடமே வெளிவந்தது.

அதே இரவில் இந்துப் பெருங்கடலின் தென்பகுதிக்கு மேலே ஒரு விமானம் பறந்துகொண்டிருந்தது. அமெரிக்காவின் கைப்பர் வான்வழி ஆய்வுக்கூடம் அது. உள்ளே ஜேம்ஸ் எலியட், டன்ஹாம், மிங்க். கிரகம் விண்மீனை மறைக்கும் முன்பே ஒளி ஒரு தடவை அல்ல, ஐந்து தடவை மங்கியது. அவர்களுக்கும் முதலில் சிறு துணைக்கோள்கள் என்றே தோன்றியது. ஆனால் கிரகம் விலகிய பிறகு மறுபக்கத்திலும் அதே தூரங்களில், அதே வரிசையில் மங்கலான இடங்கள் வந்தன. துணைக்கோள் அப்படி இருபுறமும் ஒரே தூரத்தில் காத்து நிற்காது, வளையம்தான் நிற்கும். பெர்த், கேப் டவுன், நைனிடால், காவலூர் என்று ஆயிரக்கணக்கான கி.மீ. விலகிய ஊர்களின் பதிவுகளும் ஒன்றோடொன்று பொருந்தின. ஒரு சிறு துணைக்கோளின் நிழல் இத்தனை ஊரையும் ஒரே இரவில் தொட்டிருக்க வழியே இல்லை. அதே ஆண்டின் இறுதியில் பட்டாச்சார்யாவும் வைணு பாப்புவும் சேர்ந்து, சனியைப் போன்ற வளைய அமைப்பு யுரேனஸுக்கு உண்டு என்று நேச்சரில் எழுதினார்கள்.

காவலூர்க்காரர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள் என்று இதைச் சொல்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓரிடத்து நிழல் ஒரு கோட்டின் நீளத்தைத்தான் தரும். அந்தக் கோடு உருண்டைக்குக் குறுக்கே போனதா, பட்டைக்குக் குறுக்கே போனதா என்று அது சொல்லாது. யுரேனஸுக்கு வளையம் இருக்கும் என்று அன்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. அறியாத துணைக்கோள் இருப்பதுதான் நடக்கக்கூடிய சங்கதி. 1948-இல் மிராண்டாவைக் கண்டுபிடித்ததோடு யுரேனஸின் கணக்கு ஐந்தில் நின்றிருந்தது. அது முடிந்த கணக்கல்ல என்பதை 1985 டிசம்பர் 30 காட்டியது. வாயேஜர் 2 நெருங்கும்போது பக் என்ற துணைக்கோள் படத்தில் சிக்கியது. குறுக்களவு 162 கி.மீ., எதிரொளிதிறன் ஏறத்தாழ 0.11. தொடர்ந்த சில வாரங்களில் இன்னும் ஒன்பது. நூறு கி.மீ. அளவில் இருட்டான ஒரு நிலா யுரேனஸ் பக்கத்தில் பூமிக்குத் தெரியாமல் ஒளிந்திருக்க முடியும் என்ற காவலூரின் ஊகம் சரியாகவே இருந்தது, அன்று அவர்கள் பார்த்தது மட்டும் அதுவல்ல. அதைவிட வேடிக்கை, காவலூரில் விண்மீனை மறைத்த அந்த அகலமான வெளிவளையத்தின் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு குட்டி நிலா ஓடிக்கொண்டிருக்கிறது: உள்ளே கார்டிலியா, வெளியே ஒஃபீலியா. இரண்டுமே 40 கி.மீ. அளவு.

வளையங்கள் அதுவரை கண்ணில் படாததற்கும் காரணம் எதிரொளிதிறன்தான். சனியின் வளையம் பனிக்கட்டி, பளபளவென்று இருக்கும். யுரேனஸின் வளையத் துண்டுகள் விழும் ஒளியில் சில விழுக்காட்டையே திருப்புகின்றன, போதாக்குறைக்கு மிகக் குறுகியவை. பெரிய தொலைநோக்கிகளுக்கும் தெரியாத அந்தக் கறுப்பு நூல்கள் நிழலில் மட்டும் தப்ப முடியாமல் சிக்கின.

எடையை வைத்து நிறம் சொல்லும் முயற்சியும் உண்டு, அதில் சறுக்கலும் உண்டு. புளூட்டோவின் கெர்பெரோஸ் 2011-இல் ஹப்பிள் படத்தில் அகப்பட்டது. பக்கத்து நிலாக்களின் அசைவில் அதன் ஈர்ப்பு தெரிகிறது என்று கணக்கிட்டு, இவ்வளவு எடையுள்ள பொருள் இத்தனை மங்கலாக இருந்தால் அது கரி நிறமாகத்தான் இருக்க வேண்டும் என்று 2015 ஜூனில் ஷோவால்டரும் ஹாமில்டனும் எழுதினார்கள். அடுத்த மாதம் 14-ஆம் தேதி நியூ ஹரைசன்ஸ் விண்கலம் அங்கே போனது. சில மாதம் கழித்துப் பூமிக்கு வந்த படத்தில் கெர்பெரோஸ் 20 கி.மீ. நீளம்கூட இல்லாத, பாதிக்கு மேல் ஒளியைத் திருப்பும் பனித்துண்டு. கணக்கில் பழுதில்லை, உள்ளே போட்ட எடைதான் தப்பு. அதே பயணத்தில் புளூட்டோவின் இன்னொரு நிலாவான ஹைட்ராவின் எதிரொளிதிறன் 0.83 என்று வந்தது.

எல்லா நிலாவுக்கும் விண்கலம் அனுப்ப முடியாது. ஆகவே நிழல் வழி மறுபடியும் முக்கியமாகிவிட்டது. முன்பெல்லாம் விண்மீனின் இடம் துல்லியமாகத் தெரியாததால், நிழல் எந்த ஊரில் விழும் என்று சொல்வதே குத்துமதிப்பாக இருந்தது. ஐரோப்பாவின் கையா விண்கலம் நூறு கோடிக்கு மேற்பட்ட விண்மீன்களின் இடங்களைத் தந்த பிறகு அந்தச் சிக்கல் பெரிதும் தீர்ந்தது. ஃபீபி விண்மீனை மறைப்பதை முதல் முறையாகப் பதிவு செய்தது 2017 ஜூலை 6, ஜப்பானில்.

இனி ஒரு நாள் ஃபீபியின் நிழல் நம் பக்கம் வருவதாக வைத்துக்கொள்வோம். காவலூருக்கும் சுத்துக்கேணிக்கும் நேர்கோட்டில் 100 கி.மீ.க்குச் சற்று அதிகம். வடக்கு தெற்காகப் பார்த்தால் 65 கி.மீ. அளவு. 213 கி.மீ. நிழலுக்குள் இரண்டு ஊரும் சேர்ந்தே அடங்கும். அங்கே ஒரு கோடு, இங்கே ஒரு கோடு. இரண்டு கோடு கிடைத்தால் உருவத்தின் சாய்வும் வளைவும் பிடிபடத் தொடங்கும். நடுவே செஞ்சியிலோ திருவண்ணாமலையிலோ மூன்றாவது ஆள் இருந்தால் இன்னும் நல்லது. விண்மீன் பத்தாம் பதினோராம் ஒளித்தரத்தில் இருந்தால் எட்டு அங்குலத் தொலைநோக்கியும், நொடிக்குப் பல படம் எடுக்கும் கேமராவும் போதும். விலை உயர்ந்த பொருள் இதில் நேரம்தான். நிழல் நொடிக்கு 20 கி.மீ. ஓடினால் கடிகாரத்தின் பத்தில் ஒரு நொடிப் பிழை அளவில் 2 கி.மீ. பிழையாகும். செல்போன் கடிகாரத்தை நம்பக்கூடாது. ஜிபிஎஸ் நேரத்தை ஒவ்வொரு படத்திலும் பதிக்க வேண்டும். சொன்ன நேரத்துக்குச் சில நிமிடம் முன்பே பதிவைத் தொடங்கி, முடிந்து சில நிமிடம் வரை விட்டுவிட வேண்டும், வளையமோ துணைத் துண்டோ இருந்தால் அதுவும் சிக்கட்டும் என்று. விண்மீன் மறையாமலே போனாலும் பதிவை அழிக்கக்கூடாது. காவலூரில் மறைந்து சுத்துக்கேணியில் மறையாமல் இருந்தால், நிழலின் விளிம்பு இரண்டு ஊருக்கும் நடுவே எங்கோ போயிருக்கிறது என்று அர்த்தம். கணக்குப் போடுபவர் முதலில் கேட்பது அந்தப் பதிவைத்தான்.